அட்டையில் டிக் போட்ட பிறகு

எங்கள் பக்கத்துச் சபைகளில் சாட்சி சொல்வதற்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது. முன்பு எப்படி இருந்தேன், ஆண்டவர் எந்த நாளில் எப்படிச் சந்தித்தார், இப்போது எப்படி இருக்கிறேன். இந்த மூன்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லி ஒரு பாட்டோடு முடிக்க வேண்டும். நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள், ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாமே ஒரே சி.எஸ்.ஐ. ஆலயத்தில். முதல் பகுதியை என்னால் சொல்ல முடியும், இரண்டாவதையும் ஓரளவு சொல்லிவிடுவேன். மூன்றாவதுதான் என்னிடம் இல்லை. வடக்கே மிஷனரியாகப் போக வேண்டுமா என்ற கேள்வி நர்சிங் படிக்கிற வயதில் வந்தது, இப்போது நாற்பதுகளின் நடுவில் இருக்கிறேன், போகவும் இல்லை, கேள்வி விட்டுப் போகவும் இல்லை.

சபையில் இளம்பிள்ளைகள் அவ்வப்போது கேட்பார்கள், "அக்கா, இதுதான் அழைப்புன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று. மிஷனரியாகப் போனவர்களிடம் கேட்டால் எல்லாம் முதலிலிருந்தே தெளிவாக இருந்த மாதிரிதான் சொல்வார்கள், அதில் பொய் இல்லை, திரும்பிப் பார்க்கும்போது அப்படித்தான் தெரியும். நடுவழியில் நிற்கிறவளுக்கு என்ன தெரியும் என்று யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

அது ஒரு வாலிபர் முகாமில் தொடங்கியது. கடைசி நாள் ராத்திரிக் கூட்டம். செய்தி முடிந்து மெதுவாகப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டையும் ஒரு பேனாவும் வந்தது. அட்டையில் கட்டங்கள். இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒன்று, தினமும் வேதம் வாசிப்பேன் என்று ஒன்று, மிஷனரிகளை ஜெபத்திலும் காணிக்கையிலும் தாங்குவேன் என்று ஒன்று, கடைசியில் முழுநேர ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுக்கிறேன். நான் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். பக்கத்தில் இருந்த தோழியும் போட்டாள், அவளுக்கு அடுத்தவளும். அழுகை, கட்டிப்பிடித்தல், யாருக்கும் தூக்கம் இல்லை. அந்த ராத்திரி பொய் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆண்டவர் கூட்டத்துக்கு நடுவிலும் பேசுவார். ஆனால் தூங்காத மூன்று நாள், வீட்டை விட்டு வந்த சுதந்திரம், பாட்டு, பக்கத்தில் அழுகிற தோழி எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷியிடமிருந்து என்ன வேண்டுமானாலும் எழுதி வாங்கிக்கொள்ள முடியும் என்பதும் உண்மை. எது எவ்வளவு என்று அன்றைக்கு ராத்திரியே பிரித்துப் பார்க்க முடியாது.

அதனால் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, முகாமில் டிக் போடு, தப்பில்லை, ஆனால் அதை வைத்து படிப்பை விடுவது, வேலையை விடுவது, வந்த வரனை வேண்டாம் என்பது மாதிரி எதையும் உடனே செய்யாதே. வீட்டுக்கு வா. துணியைத் துவை, பரீட்சை எழுது, அம்மாவோடு சண்டை போடு. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாட்டும் இல்லை கூட்டமும் இல்லை, அப்போதும் அந்த ஆசை உள்ளே கிடக்கிறதா என்று பார். கிடந்தால் அதற்கப்புறம் பேசலாம். எங்களோடு டிக் போட்டவர்களில் பலருக்கு அது பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கரைந்துவிட்டது, அவர்கள் யாரும் கெட்டுப்போய்விடவில்லை, நல்ல விசுவாசிகளாகத்தான் இருக்கிறார்கள். எனக்குக் கரையவில்லை. அதுவே அழைப்பு என்றும் ஆகிவிடாது, கரையாமல் இருக்க வேறு காரணமும் இருக்கலாம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நர்சுகளுக்கு மிஷனரிக் கூட்டத்தில் தவறாமல் சொல்லப்படுகிற ஒரு கதை உண்டு, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து கதவைத் தட்டுகிறார்கள், மூன்று பேருடைய மனைவிகளும் பிரசவ வேதனையில் இருக்கிறார்கள், ஆண் டாக்டர் வந்து பார்க்கக் கூடாது, ஐடா வந்து உதவ வேண்டும். மிஷனரியாகவே ஆக மாட்டேன் என்று இருந்த, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு மருத்துவம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று தெரிகிறது. அவள் வாழ்க்கை மாறுகிறது. கேட்கும்போது எங்களுக்கு மயிர்க்கூச்செறியும், அந்த இடத்தோடு செய்தியாளர் நிறுத்திவிடுவார். ஆனால் அந்த ராத்திரிக்கு அப்புறம் அவர் செய்த காரியம் கப்பல் ஏறிப் போய் மருத்துவம் படித்தது. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900இல்தான் திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். நர்சிங் பள்ளி 1909இல், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல். அந்த ஒரு ராத்திரியைவிட அதற்கப்புறம் வந்த பாடப்புத்தகமும் பரீட்சையும் நிறைந்த வருடங்கள்தான் எனக்கு உண்மையான சாட்சியாகத் தெரிகிறது. கதவு தட்டும் சத்தம் எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கும், அதற்காக உடற்கூறியல் படிக்க உட்கார்ந்தவர் எத்தனை பேர்?

அடையாளங்கள் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எங்கள் பக்கம் ரொம்பக் குழம்புகிறோம். வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம் இல்லையா, ஒரு வருடம் எனக்கு ஆதியாகமம் 12 வந்தது, உன் தேசத்தையும் உன் இனத்தையும் விட்டுப் புறப்படு என்று ஆபிராமுக்குச் சொன்ன வசனம். அந்த வருடம் முழுக்க எனக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டு டீச்சருக்கும் அதே வசனம்தான் வந்திருக்கிறது, அவர்கள் கன்னியாகுமரியிலிருந்து மாற்றலாகி வந்தே சில மாதம்தான் ஆகியிருந்தது, "இன்னொரு டிரான்ஸ்பரா ஆண்டவரே" என்று அவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரே அச்சடித்த கட்டிலிருந்து வந்த அட்டைகள். இன்னொரு முறை ஒரு உபவாசக் கூட்டத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து, ஒடிசாவில் உன் கால் பதியும் என்றார். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கூட்டம் முடிந்ததும் அவருடைய உதவியாள் என்னிடம் ஒரு காணிக்கைக் கவரும் நீட்டினார்.

இதையெல்லாம் தூக்கிப்போடு என்று சொல்ல வரவில்லை. நான் செய்வது, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுவது. எழுதியதும் அதன் வேகம் பாதி குறையும். பிறகு, இதைச் சொன்னவருக்கு நான் போவதால் ஏதாவது லாபம் உண்டா என்று பார்ப்பேன். என்னை நன்றாகத் தெரிந்தவர்கள், என் கோபம் சோம்பல் எல்லாம் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று பார்ப்பேன். கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு ஆண்டவரிடம் அடையாளம் கேட்டுப் பார்த்தான், நானும் போட்டுப் பார்க்கிறேன் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள், கிதியோனுக்குப் போ என்ற கட்டளை முதலிலேயே கிடைத்துவிட்டது, தோல் அதிகாரத்தின் கடைசியில்தான் வருகிறது, அதுவும் பயத்தில் கேட்டது. இன்டர்வியூவில் கிடைத்தால் ஒரு வழி, கிடைக்காவிட்டால் இன்னொரு வழி என்று ஆண்டவருக்கு நாம் வைக்கிற பரீட்சைக்கு அந்தப் பகுதியைத் துணைக்கு இழுக்க முடியாது.

இப்போது, ஏன் எனக்கு மட்டும் கரையவில்லை என்ற விஷயம். சாமுவேல் கதை எல்லோருக்கும் தெரியும், ஆண்டவர் கூப்பிட்டார், அவன் தன்னை வளர்த்த ஆசாரியர் ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்து ஓடினான். எங்களுக்கு நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. ஏலி கூப்பிடுகிறார், நாங்கள் ஆண்டவர் என்று நினைத்துக்கொள்கிறோம். என் விஷயத்தில் அந்த ஏலி என் அம்மா. குழந்தையாக இருக்கும்போது எனக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி ஏதோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன், பிழைத்தால் ஊழியத்துக்கு விட்டுவிடுகிறேன் என்று அம்மா பொருத்தனை பண்ணியிருக்கிறார்கள். அதை என்னிடம் நேரடியாகச் சொன்னதே இல்லை. ஆனால் மிஷனரி வந்து பேசினால் என்னை முன் பெஞ்சில் உட்கார வைப்பது, என் பெயரில் மாதாமாதம் மிஷனரிக் காணிக்கை கட்டுவது, சொந்தக்காரர்கள் வந்தால் "இது ஆண்டவர் பிள்ளை" என்று சொல்வது, இப்படியே வளர்ந்தேன். எனக்குள் இருக்கிற குரல் யாருடையது என்று தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

பல வருடம் கழித்து ஒருநாள் மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டேன், அம்மா, நான் வடக்கே போகாமல் இருந்துவிட்டால் நீங்க என்ன நினைப்பீங்க என்று. கீரையை விட்டுக் கையை எடுக்கவில்லை. "நேர்ந்துக்கிட்டது நெசந்தாம்ட்டி. ஒன்னயக் கேட்டா நேர்ந்தேன்? நீ அப்பம் கையில கெடந்த. நான் நேர்ந்ததுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன், நீ ஒனக்குள்ளதப் பாரு" என்றார்கள். அவ்வளவுதான். இந்தப் பேச்சை நான் பத்து வருடம் முன்னாலேயே பேசியிருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள், அப்போது பேசியிருந்தால் அம்மா இந்தப் பதிலைச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். அன்றைக்குப் பிறகு அந்த ஆசையில் ஒரு பகுதி கழன்று விழுந்தது. கூடவே அப்பாவின் பெருமை, சபையில் கிடைக்கிற மரியாதை, வீட்டுக் கடனிலிருந்து தப்பிக்கிற ஆசை (சிரிக்காதீர்கள், மிஷனரியாகப் போனால் மாமியார் வீட்டு விசேஷங்களுக்குப் போக வேண்டாம் என்ற நினைப்பும் உண்டு) இவற்றையும் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கழித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சின்னதாக, சத்தம் இல்லாமல். அதைத்தான் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மிச்சத்தை என்ன செய்வது என்று எனக்குச் சொல்லித்தந்தது, எங்கள் சபைக்காரர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஒரு கத்தோலிக்கத் தியான இல்லம். உடன் வேலை பார்க்கிற ஒரு சிஸ்டர் கூட்டிப்போனார்கள். அத்தைக்கு அது பிடிக்கவே இல்லை, "நம்ம கோயில்ல இல்லாத ஜெபமா அங்க இருக்கு?" என்றார்கள். இயேசு சபைக் குருக்கள் நடத்துகிற இடம், பேச்சு கூடாது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள், ஒரு நாளைக்கு ஒரு தடவை ஒரு ஃபாதரிடம் உட்கார்ந்து பேசலாம். சத்தமாக ஜெபித்தே பழகிய எனக்கு முதல் நாள் மூச்சு முட்டியது. வசனம் எடுத்துக்கொண்டு போய் இது அழைப்பா இல்லையா ஃபாதர் என்று கேட்டேன். அவர் வசனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வடக்கே போவதைப் பற்றி ஒரு மணி நேரம் நினைத்துப் பாருங்கள், நினைத்து முடித்ததற்கு அப்புறம் உள்ளே எப்படி இருக்கிறது என்று வந்து சொல்லுங்கள்" என்றார். நினைக்கும்போது எப்படி என்று அவர் கேட்கவில்லை, நினைத்து முடித்த பிறகு எப்படி என்றுதான் கேட்டார்.

இது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரிடமிருந்து வந்த வழி என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். 1521இல் ஸ்பெயினில் பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டில் கால் நொறுங்கி லொயோலாவில் தன் வீட்டில் படுத்துக்கிடந்தபோது, படிக்க வீரசாகசக் கதைகள் கேட்டிருக்கிறார், அந்த வீட்டில் இருந்தது கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறுகளும்தான். சண்டை, ராஜகுமாரி என்று கனவு காணும்போது இன்பமாக இருக்கும், முடிந்த பிறகு வறண்டுபோகும். புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தால் முடிந்த பிறகும் அந்தச் சந்தோஷம் தங்கியிருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் அவருடைய முறை முழுக்க வளர்ந்தது. கத்தோலிக்கர்கள் இதைத் தேர்ந்து தெளிதல் என்று சொல்வார்கள். மனம் வறண்டு கிடக்கிற காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது அவர் சொன்ன விதிகளில் ஒன்று, நைட் டியூட்டி முடித்துவிட்டு வேலையை ராஜினாமா செய்துவிடலாமா என்று யோசிக்கிற எந்த நர்சுக்கும் இது பொருந்தும். இன்னொன்றும் அவரிடம் உண்டு, நீ பார்த்தே இராத ஒருவர் உன்னுடைய இதே நிலைமையில் வந்து கேட்டால் அவருக்கு என்ன புத்தி சொல்வாய், அதை நீ செய். அந்தப் பயிற்சியை நான் செய்து பார்த்தபோது, அந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் நான் சொன்னது, "போவதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வாம்மா" என்பது.

அதற்கு முன்னால் அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு முக்கியம். வடக்கே இருப்பதை நினைத்தால் எனக்குள் ஒரே பரபரப்பு. காடு, ஓலை வீடு, வெள்ளைச் சேலையில் நான், ஊரில் வந்து சாட்சி சொல்கிற நான். முடித்ததும் களைப்பும் ஒரு மாதிரி எரிச்சலும். இதை எதிர்பார்க்கவில்லை, அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஃபாதர் சும்மா கேட்டார், வேலையில் எந்த நேரம் ஜெபம் மாதிரி இருக்கிறது என்று. எனக்கு உடனே நினைவு வந்தது ஃபிஸ்டுலாவைத் தொடுகிற நேரம்.

நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். நோயாளிகள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார்கள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வந்ததும் எடை பார்த்து, பிரஷர் பார்த்து, படுக்க வைத்து, கையில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்த இடத்தில், அதுதான் ஃபிஸ்டுலா, விரல்நுனியை வைப்போம். உள்ளே ரத்தம் ஓடுகிறது என்றால் தோலுக்கு அடியில் ஒரு அதிர்வு தெரியும், பூனை உறுமுகிற மாதிரி. அது இருந்தால்தான் ஊசி போட முடியும், இல்லையென்றால் அன்றைக்கு டாக்டரைத் தேடி ஓட்டம்தான். நான் கையை வைக்கிற அந்த நேரம் நோயாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் தலையாட்டியதும் அவர் மூச்சு விடுவார். வருடக்கணக்காக இப்படி. அந்த நேரத்தில் நான் வாயால் எந்த ஜெபமும் செய்வதில்லை, ஆனால் அதை நினைத்து முடித்த பிறகு உள்ளே அமைதியாக இருந்தது, களைப்பில்லை. ஃபாதர் அதற்கு எந்த விளக்கமும் சொல்லவில்லை. "இதையும் எழுதி வையுங்கள்" என்றார், அவ்வளவுதான்.

இதில் ஒரு சின்ன விஷயம். நாலு மணி நேரம் படுத்திருக்கிற நோயாளியிடம் சுவிசேஷம் சொல்லலாமே, எவ்வளவு நல்ல வாய்ப்பு என்று சபையில் சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்வதில்லை. இரண்டு ஊசியோடு மிஷினில் கட்டிப்போட்டிருக்கிற மனுஷர் எழுந்து போக முடியாது, என்னைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது, அடுத்த ஊசியும் நான்தான் போட வேண்டும். அவராகக் கேட்டால் பேசுவேன். ஒரு பாய் கேட்பார், "இன்னைக்கு எனக்கும் சேர்த்து துஆ பண்ணும்மா" என்று, பண்ணுவேன்.

தியான இல்லத்திலிருந்து வந்தபின் அந்த முன்பின் தெரியாத பெண்ணுக்குச் சொன்ன புத்தியை நானே கேட்டேன். லீவு போட்டு ஜார்க்கண்டில் ஒரு மிஷன் மருத்துவமனைக்குப் போய் வேலை செய்தேன். கனவில் இருந்த காடு இருந்தது, ஆனால் பெரும்பாலான நேரம் நான் இருந்தது பிரசவ வார்டில், பக்கத்தில் சந்தாலி பேசுகிற உள்ளூர் நர்சுப் பெண்கள், என்னைவிட இருபது வயது சின்னவர்கள், பிரசவம் பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். என் இந்தியைக் கேட்டு நோயாளிகள் அவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவர்கள் மொழிபெயர்ப்பார்கள். நான் அங்கே எல்லோருக்கும் ஒரு கூடுதல் வேலை. கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் மலையாளி, வெளிப்படையாகப் பேசுகிறவர். "தமிழ்நாட்டிலிருந்து அர்ப்பணிப்போடு வருகிறவர்கள் நிறைய, எங்களுக்கு என்ன தேவை என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள் குறைவு" என்றார். அவருக்கு வேண்டியது மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்தவர், லேப் டெக்னீசியன், அப்புறம் சிறுநீரக நோயாளிகளை அத்தனை தூரம் ராஞ்சிக்கு அனுப்பாமல் இருக்க ஒரு டயாலிசிஸ் பிரிவு, அதை நடத்தத் தெரிந்த உள்ளூர் ஆட்கள்.

ஆண்டவரே நான் போகட்டுமா என்று வருடக்கணக்காகக் கேட்ட நான், அந்த இடத்துக்கு ஒரு கடிதம் எழுதி உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டதே இல்லை. இளம்பிள்ளைகள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு இன்லாண்ட் லெட்டர், இப்போது ஒரு வாட்ஸாப் போதும். அதே போல, இன்றைக்கே தீர்மானம் எடு, வேலையை விடு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவசரப்படுத்துகிற எந்த ஊழியத்தையும் நம்பாதீர்கள். விண்ணப்பம், சபைப் போதகர் ஐயரிடமிருந்து கடிதம், மருத்துவப் பரிசோதனை, பயிற்சிக் காலம் என்று இழுத்தடிக்கிற மிஷனரி இயக்கங்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம். இழுத்தடிக்கிற அந்தக் காலத்திலேயே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

பணம், குடும்பம் இரண்டையும் ஆவிக்குரிய விஷயம் இல்லை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, அவர்களுடைய பிள்ளைகளிடம் போய்ப் பேசிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, மகன் பிளஸ் டூ, அத்தைக்குச் சர்க்கரை. என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருக்கிறார், அதிகம் பேச மாட்டார். இந்த விஷயத்தை ஜெபக்குறிப்பாக எத்தனையோ தடவை அவர் முன்னால் சொல்லியிருக்கிறேன், கேள்வியாகக் கேட்டது ஒரு தடவைதான். "உனக்கு வந்தது எனக்கும் வரணும்ல? வரலைன்னு வச்சுக்கோ, அப்பம் உனக்கு வந்ததுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் வந்த சனிக்கிழமை ராத்திரி, இரண்டு பேரும் கணக்கு நோட்டையும் என் மற்ற நோட்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு உட்காருகிறோம். கடன் எப்போது முடியும், அவர் எப்போது ஓய்வு பெறுவார், அதற்குள் நான் எதைக் கற்றுக்கொள்ளலாம். ஜெபமும் உண்டு, சின்னதாக.

இவ்வளவு தாமதமா என்று உறுத்தும்போது எங்கள் ஊர்க்காரர் அசரியாவை நினைத்துக்கொள்வேன். வெள்ளாளன்விளைக்காரர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்து, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கியவர்களில் முன்னால் நின்றவர். மற்றவர்களைத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் தானே அங்கே போய் இறங்கியது 1909இல். 1912இல் அங்கே பேராயர், ஆங்கிலிக்கன் சபையில் அப்படி ஆன முதல் இந்தியர். நடுவில் இருந்த ஆறு வருடத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் யாரும் பேச மாட்டார்கள். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவும் அப்படித்தான், சீனாவுக்குப் போகக் கிளம்பி உடல்நிலை காரணமாக ஒத்துக்கொள்ளப்படாமல், ஜப்பானுக்குப் போய் அங்கேயும் உடம்பு முடியாமல், இலங்கை வழியாகச் சுற்றி, 1895இல் இந்தியாவுக்கு வந்து, பிறகுதான் நம் ஜில்லாவுக்கு வந்தார்கள். அழைப்பு ஒன்றுதான், ஊர்தான் மூன்று நான்கு தடவை மாறியது. பவுலையே ஆசியாவிலும் பித்தினியாவிலும் ஆவியானவர் தடுத்தார் என்று அப்போஸ்தலர் 16இல் இருக்கிறது, கதவு அடைபட்டதும் அழைப்பே இல்லை என்று அவர் வீட்டுக்குப் போகவில்லை.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் ஒரு மனுஷன் உண்டு. லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்து சுகமானவன். இயேசு படவில் ஏறும்போது, நானும் உம்மோடு வருகிறேன் என்று கெஞ்சுகிறான். அந்தச் சுவிசேஷத்தில் வா என்று கூப்பிட்டவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போகிறவர் இவனுக்கு உத்தரவு கொடுக்கவில்லை, உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போ என்கிறார். ஒரு காலம் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, சரி, எனக்கு வீடுதான், விஷயம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நான் ரொம்ப நாள் நம்பவில்லை, எனக்குச் சௌகரியமான வசனம் என்றாலே கொஞ்சம் எச்சரிக்கை வந்துவிடுகிறது. அவன் வீட்டோடு உட்காரவில்லை, தெக்கப்போலி நாட்டில் போய்ச் சொல்லத் தொடங்கினான் என்று அடுத்த வசனத்திலேயே இருக்கிறது.

இப்போதைய நிலைமை இதுதான். இந்தி வகுப்புக்குப் போகிறேன், என் மகனைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து. மிஷனரி இயக்கத்தின் விண்ணப்பப் படிவத்தைப் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன், "உங்கள் அழைப்பை விளக்கவும்" என்ற இடம் காலி. இதற்கு நடுவில் ஜார்க்கண்டிலிருந்து அந்த டாக்டர் எழுதியிருக்கிறார், டயாலிசிஸ் மிஷின் இரண்டு வரப்போகிறது, எங்கள் பெண்கள் இரண்டு பேரை உங்களிடம் அனுப்பினால் சில மாதம் வைத்துப் பழக்கித் தர முடியுமா என்று. எங்கள் நிர்வாகத்தில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது. தங்குவதற்கு எங்கள் மாடி அறை. வீட்டுக்காரர் அங்கே புதிதாக வயரிங் இழுத்து இன்னொரு ஃபேன் மாட்டிக்கொண்டிருக்கிறார், யாரும் சொல்லாமலே. நான் வடக்கே போவதற்குப் பதிலா இது, அதற்கு முதல் படியா, இல்லை இரண்டும் இல்லாமல் வெறும் ஒரு உதவியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். கத்தோலிக்கத் தியான இல்லத்துக்கு நான் போனதை இன்னும் மன்னிக்காத அத்தை, அந்தப் பிள்ளைகளுக்குச் சப்பாத்தி போடத் தனக்குத் தெரியாதே என்று இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களும் சோறுதான் சாப்பிடுவார்கள் அத்தை என்று சொல்லியிருக்கிறேன்.